நான்காவது பெயர்

குழந்தைகள் சொற்பொருளை எவ்வாறு கற்கின்றனர் என்னும் வினாவைத் தொட்ட மொழியியல் மாணவர் எவரும் 1999ஆம் ஆண்டு ‘காக்னிஷன்’ ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரையை எதிர்கொள்ளாமல் இருந்திருக்க மாட்டார். தாய்மார் தம் சிறு குழந்தைகளுடன் விளையாடும் காட்சிகளை, ஒலியை நீக்கிப் பெரியவர்களுக்குக் காட்டினர். தாய் ஒரு குறிப்பிட்ட சொல்லைச் சொன்ன கணத்தில் மட்டும் ஒரு ‘பீப்’ ஒலி எழும். அந்தச் சொல் எதுவென்று பார்ப்பவர் ஊகிக்க வேண்டும். பெயர்ச்சொல்லாயின் ஏறத்தாழ 45 விழுக்காடு சரியான விடை கிடைத்தது. வினைச்சொல்லாயின் ஏறத்தாழ 15 விழுக்காடுதான். பந்தைக் கண் காட்டிவிடும். ‘நினை’ என்பதை எந்தக் காட்சியும் காட்டாது. ஆனால் அவ்வினை வரும் தொடரின் அமைப்பை மட்டும் கொடுத்து, பிற சொற்களையெல்லாம் பொருளற்ற ஒலிக்கோவைகளாக மாற்றிவைத்தபோதுகூடச் சரியான விடைகள் பாதியை எட்டின. காட்சியும் உடன்வரும் பெயர்களும் தொடரமைப்பும் ஒன்றுசேர்ந்தபோது ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தொட்டன. வினையின் பொருள் கண்ணுக்குத் தெரியும் உலகில் இல்லை, அது நிற்கும் தொடரில் இருக்கிறது என்ற வாதத்துக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் சோதனை அது.

கட்டுரைக்கு ஆசிரியர் நால்வர்: ஜேன் கில்லெட், ஹென்றி கிளைட்மன், லைலா கிளைட்மன், ஆன் லெடரர். கிளைட்மன் இணையரைத் துறை அறியும். நான்காவது பெயருக்குரியவர் கட்டுரை அச்சேறிய காலத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. லாஸ் வேகாஸ் நகரில் போக்கர் மேசையில் அமர்ந்து, எதிரே இருப்பவரின் கவிழ்த்துவைத்த இரண்டு சீட்டுகள் எவையென்று ஊகித்து நான்கு பிள்ளைகளை வளர்க்கும் வாழ்வை அமைத்துக்கொண்டிருந்தார். உலகம் அவரை ஆனி டியூக் என்று அறிந்தது.

இவரது வாழ்க்கை மேலாண்மை வகுப்புகளிலும் ஊக்கவுரைகளிலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட கதையாகச் சொல்லப்படுகிறது. முனைவர் பட்டத்தின் வாசலில் நின்ற பெண் துணிந்து வெளியேறினார். சீட்டு மேசையில் 40 லட்சம் டாலருக்கு மேல் வென்றார். புகழ்பெற்ற நூலாசிரியர் ஆனார். ஆகவே துணிந்தவர்க்கே உலகம். ஆய்வில் சோர்ந்திருக்கும் ஒருவருக்கு இக்கதை எவ்வளவு இனிக்குமோ அவ்வளவு தீங்கும் செய்யக்கூடியது. ‘துணிந்து’ என்ற சொல்லே இங்கே பொய். அவர் துணிந்து வெளியேறவில்லை, நோயுற்று வெளியேறினார்.

ஆன் லெடரர் 1965இல் பிறந்தவர். தந்தை ரிச்சர்ட் லெடரர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கான்கார்டு நகரின் செயின்ட் பால்ஸ் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். சொல் விளையாட்டையும் ஆங்கிலத்தின் விந்தைகளையும் பற்றிய நூல்களால் பெயர்பெற்றவர். வீட்டில் சொல்லும் சீட்டும் சம அளவில் புழங்கின. அண்ணன் ஹோவர்டு லெடரர் சதுரங்கம் ஆட நியூயார்க் சென்று, அங்கே போக்கரில் விழுந்து, அதையே தொழிலாக்கிக்கொண்டார். தங்கை கேட்டி லெடரர் கவிஞரானார். சூதாடிகளிடையே கழிந்த தம் இளமையைப் பற்றி ஒரு நினைவுநூலும் எழுதினார். ஆன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் உளவியலும் பயின்று, தேசிய அறிவியல் அறக்கட்டளையின் உதவித்தொகையோடு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைலா கிளைட்மனிடம் ஆய்வு மாணவரானார். ஐந்தாண்டுகள் உழைத்தார். அடுத்து வேலைக்கான நேர்காணல் உரைகள். அதன்பின் பேராசிரியர் பதவி. பாதை அப்படித்தான் வகுக்கப்பட்டிருந்தது.

அந்த நிலையில் வயிறு அவரைக் கைவிட்டது. உண்ட உணவு இரைப்பையைவிட்டு நகராத நோய். முதல் நேர்காணல் உரைக்கு முன்னரே இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது. உடல் தேறும் வரை ஓராண்டு விலகியிருப்பது என்று முடிவாயிற்று. விலகியிருக்கும் காலத்துக்கு உதவித்தொகை கிடையாது. திருமணமாகி மொன்டானா மாநிலத்துக்குப் போயிருந்தார், கையில் காசில்லை. அம்மாநிலத்தில் சீட்டு அறைகள் சட்டப்படி நடந்துவந்தன. அண்ணன் 2,400 டாலர் அனுப்பி, எந்தச் சீட்டுகள் வந்தால் ஆடுவது, எவை வந்தால் விலகுவது என்று சொல்லிக்கொடுத்தார். பில்லிங்ஸ் நகரில் கிரிஸ்டல் லவுஞ்ச் என்னும் மதுக்கூடத்தின் நிலவறையில், பண்ணையாட்களுக்கும் ஓய்வுபெற்ற முதியோர்க்கும் நடுவே, ஒரு முனைவர் பட்ட மாணவி தன் மருத்துவ விடுப்பைக் கழித்தார் என்பதுதான் ‘துணிவின்’ உண்மை வடிவம்.

கதையை இப்படிச் சொல்லும்போது வேறு சில பொருள்கள் கண்ணில் படுகின்றன. வேலையைக் கற்றுத்தர அண்ணன் இருந்தார். முதல் இழப்புகளைத் தாங்க அவருடைய பணம் இருந்தது. தோற்றால் திரும்பிப் போக ஒரு துறையும், கதவைச் சாத்தாத ஒரு நெறியாளரும் இருந்தனர். இவற்றை நீக்கிவிட்டுத் துணிவை மட்டும் எடுத்துக்கொள்பவர், ஒலியை நீக்கிய காட்சியைப் பார்த்து வினைச்சொல்லை ஊகிப்பவரைப் போன்றவர்.

1994இல் அண்ணனின் தூண்டுதலால் லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடக்கும் உலகப் போக்கர் தொடருக்குச் சென்றார். ஒரே மாதத்தில் ஏறத்தாழ 70,000 டாலர் வென்றதும் குடும்பம் அந்நகருக்கே குடிபெயர்ந்தது. இவ்விடத்தில் போட்டி எவ்வாறு நடக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் வாதம் அதைச் சார்ந்தது. போட்டியாளர் ஒவ்வொருவரும் ஒரே நுழைவுத்தொகை கட்டி ஒரே அளவு சில்லுகளைப் பெறுவர். சில்லுகளைப் பாதியில் காசாக்க முடியாது. அவை தீர்ந்தால் வெளியேற வேண்டும். கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம் நேரம் செல்லச் செல்ல உயரும். எனவே நல்ல சீட்டுக்காகக் காத்துக்கொண்டே இருப்பவரும் கரைந்துபோவார். பரிசுப் பணத்தின் பெரும்பகுதி கடைசி மேசையை அடையும் சிலருக்கே போகும். திறமை மிக்கவரும் பத்துப் போட்டிகளில் பெரும்பாலானவற்றில் வெறுங்கையோடு திரும்புவார். ‘40 லட்சம் வென்றார்’ என்ற கணக்கில் கட்டிய நுழைவுத்தொகைகள் கழிக்கப்படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போக்கர் வீரர்களின் வெற்றிப் பட்டியல் எதுவும் அதைக் கழிப்பதில்லை.

அவர் பெரிதும் ஆடிய ‘டெக்சஸ் ஹோல்டம்’ ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் மறைந்திருக்கும். ஐந்து சீட்டுகள் நடுவில் படிப்படியாகத் திறக்கப்படும். மறைந்தவற்றை யாரும் காட்டமாட்டார். எப்போது பந்தயம் வைத்தார், எவ்வளவு உயர்த்தினார், எந்த இடத்தில் தயங்கினார் என்ற வரிசையிலிருந்துதான் அவற்றை ஊகிக்க வேண்டும். ஒரு தனிப் பந்தயத்துக்குப் பொருள் இல்லை. தனக்கு முன்னும் பின்னும் வருவனவற்றோடு அது நிற்கும் இடத்துக்கே பொருள் உண்டு. கிளைட்மன் ஆய்வுக்கூடத்தில் ஐந்தாண்டு கழித்தவருக்கு இது முற்றிலும் அந்நியமான வேலையாக இருந்திருக்காது. இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டக்கூடாது என்பதும் உண்மையே. குழந்தைக்குத் தாய் பொய் சொல்வதில்லை. போக்கர் மேசையில் எதிரி வேண்டுமென்றே தவறான தொடரை அமைப்பான். ஆயினும் குறைவான சான்றிலிருந்து மறைந்திருப்பதை ஊகிப்பதும், ஊகத்தின் உறுதி எத்தனை விழுக்காடு என்று தனக்குள்ளேயே கணக்கு வைத்துக்கொள்வதும் இரண்டுக்கும் பொது.

2000ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 512 பேர் கலந்துகொண்டனர். நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணியாக அமர்ந்து ஆடிய அவர் 10ஆம் இடம் பெற்றார். 2004இல் ‘ஒமாஹா’ வகை ஆட்டம் ஒன்றில் முதலிடம் பெற்று, அத்தொடரின் வெற்றியாளர்க்குத் தரப்படும் தங்கக் காப்பையும் 137,860 டாலரையும் வென்றார். அதே ஆண்டில் நடந்த அழைப்புப் போட்டிதான் அவரைப் பரவலாக அறியச் செய்தது: பத்தே பேர், வெல்பவர் ஒருவருக்கே 20 லட்சம் டாலர், மற்ற ஒன்பது பேருக்கும் ஒன்றுமில்லை. பத்துப் பேரில் பெண் அவர் ஒருவர்தான். எதிரே அமர்ந்தவர்களில் ஒருவர் சொந்த அண்ணன்.

அந்தப் போட்டியில் பலரும் நினைவில் வைத்திருக்கும் ஆட்டம் அவர் வென்ற ஆட்டமன்று. கையில் இரண்டு பத்துகள்; எதிரில் அவ்வாண்டின் உலக வாகையர் கிரெக் ரேமர். இரண்டு பத்துகள் எளிதில் விட்டுக்கொடுக்கும் கை அல்ல. நெடுநேரம் தயங்கி, அவற்றைக் கவிழ்த்துவைத்து விலகினார். ரேமரிடம் இருந்தவை இரண்டு ராஜாக்கள். தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு அது தெரியும். மேசையில் இருந்தவருக்குத் தெரியாது. தான் ஒரு பெண் என்பதற்காகவே அழைக்கப்பட்டவளோ, பெண் என்றால் எளிதில் மிரட்டிவிடலாம் என்று நினைக்கிறார்களோ என்ற ஐயம் உள்ளே அரித்துக்கொண்டிருந்த நேரத்தில், விலகுவது கோழைத்தனமாகத் தோன்றக்கூடும் என்று அறிந்தே விலகியது அந்த முடிவு. அதன்பின் அண்ணனை மூன்றாம் இடத்தில் வெளியேற்றி, கடைசியில் ஃபில் ஹெல்முத்தை வென்று முழுத்தொகையும் பெற்றார். 2010இல் இருவர் இருவராக மோதும் தேசியப் போட்டியில், 64 பேர் களத்தில், எரிக் சைடலை இறுதியாட்டத்தில் வீழ்த்தி 5 லட்சம் டாலர் வென்றார். அப்போட்டியை வென்ற முதல் பெண் அவரே.

வெற்றிகளின் பட்டியல் இவ்வளவு போதும். பட்டியலில் சேராதவையும் உண்டு. அவர் விளம்பரத் தூதராக இருந்த இணையப் போக்கர் நிறுவனமான அல்டிமேட்பெட்டில், பிறர் சீட்டுகளை உள்ளிருந்தே காணும் வழியை வைத்துக்கொண்டு சிலர் ஆட்டக்காரர்களின் பணத்தைச் சூறையாடியது 2008இல் அம்பலமானது. அதன்பிறகும் 2010 இறுதி வரை அவர் அந்நிறுவனத்தோடு இருந்ததைப் போக்கர் உலகம் எளிதில் மன்னிக்கவில்லை. 2011இல் ‘எபிக் போக்கர் லீக்’ என்ற தொழில்முறைப் போட்டித் தொடருக்கு ஆணையர் ஆனார். 2012இன் தொடக்கத்திலேயே அதை நடத்திய நிறுவனம் திவாலானது. ஆட்டக்காரர்களுக்கு உறுதியளித்திருந்த இறுதிப் பரிசுப் போட்டி நடக்கவேயில்லை. அவ்வாண்டே அவர் போக்கரைவிட்டு வெளியேறினார். மறைந்திருக்கும் சீட்டுகளை ஊகிப்பதில் தேர்ந்தவர், தம் பெயரைக் கொடுத்த நிறுவனங்களின் சீட்டுகளை ஊகிப்பதில் அத்தனை தேர்ச்சி காட்டவில்லை. ஊக்கவுரைகள் இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

2018இல் வெளிவந்த ‘திங்கிங் இன் பெட்ஸ்’ நூலில் அவர் முன்வைக்கும் முதன்மையான எச்சரிக்கை, போக்கர் ஆட்டக்காரர்கள் ‘ரிசல்ட்டிங்’ என்று அழைக்கும் பிழையைப் பற்றியது. விளைவு நன்றாக அமைந்ததால் முடிவும் நல்ல முடிவுதான் என்று பின்னோக்கித் தீர்ப்பளிப்பது. விளைவு கெட்டதால் முடிவைப் பழிப்பது. வாய்ப்புக்கும் பங்குள்ள எந்தச் செயலிலும் இந்தத் தீர்ப்பு செல்லாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் பத்திரமாக வீடு சேர்ந்ததால் அது நல்ல முடிவாகிவிடாது.

இந்த அளவுகோலை அவருடைய வாழ்க்கையின் மீதே வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. அவர் வென்றார் என்பது ஆய்வைவிட்டு விலகியது சரி என்பதற்குச் சான்றாகாது. அவரைப் போலவே 1990களில் நோயாலோ வறுமையாலோ நெறியாளரின் கொடுமையாலோ ஆய்வைவிட்டு விலகி, பின்னர் எந்தக் கட்டுரையிலும் பெயர் வராமல் போனவர்களின் முடிவு அவருடையதைவிடத் தாழ்ந்தது என்பதற்கும் சான்று கிடையாது. அவர்களுக்குக் கிடைத்த சீட்டுகள் வேறு. வென்றவரின் கதையை மட்டும் வகுப்பில் சொல்வது, அவர் நூல் முழுவதும் எதிர்த்து எழுதிய பிழையை அவர் பெயராலேயே செய்வதாகும்.

போக்கர் திறன் ஆட்டமா, வாய்ப்பாட்டமா என்று இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளன. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறன் ஆட்டங்கள் என்றது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் திறன், வாய்ப்பு என்ற வேறுபாடின்றித் தடைசெய்தது. ஆனி டியூக்கின் தொழில்வாழ்க்கையிலிருந்து இந்த வழக்குக்கு விடை தேடுவோர் ஏமாறுவர். அவர் சொல்வது இரண்டும் என்பதே. திறன் பல்லாயிரம் கைகளில் வெளிப்படும். ஒரு கையில், ஓர் இரவில், ஒரு மாதச் சம்பளத்தில் அது வெளிப்படுவதில்லை. கடன் வாங்கி ஆடுபவருக்குப் பல்லாயிரம் கைகள் வரை காத்திருக்க வசதி இல்லை.

அது நிற்க. பல்கலைக்கழகம் இந்த வாழ்க்கையிலிருந்து கற்க வேண்டியது சீட்டைப் பற்றியதன்று, விலகலைப் பற்றியது. தமிழில் ‘விடு’ என்னும் வினைக்கு ஓர் இயல்பு உண்டு. தனிவினையாக நின்றால் அது நீங்குதலைக் குறிக்கும்: ஆய்வை விட்டார். துணைவினையாக வந்தால் முற்றுப்பெறுதலைக் குறிக்கும்: ஆய்வை முடித்துவிட்டார். ஆட்சிமன்றக் கோப்புகளில் இவ்விரண்டுக்கும் இடையே எதுவும் இல்லை. நடுவில் நின்றவர் ‘இடைநின்றவர்’ என்ற ஒரே பத்தியில் அடைக்கப்படுகிறார். ஏன் நின்றார், எதைச் செய்துமுடித்த பின் நின்றார் என்று கேட்கும் பத்தி படிவத்தில் கிடையாது. ஆன் லெடரர் பட்டம் பெறாமல் போனார். ஆனால் 1995இல் தாய்மொழிப் பேச்சில் வினைகளின் அமைப்பைப் பற்றிய ஓர் இயலும், 1999இல் அந்தப் புகழ்பெற்ற கட்டுரையும் அவர் பெயரோடு வெளிவந்தன. விலகிய மாணவியின் பெயரை அவருடைய நெறியாளர் வெட்டிவிடவில்லை. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். தரவு திரட்டியவர் விலகியதும் அவர் பெயர் நன்றியுரைக்கு இறங்கி, பிறகு அங்கிருந்தும் மறைவதைக் கண்டவர்களுக்கு அது சிறிய செய்தியன்று.

2022இல் விலகலைப் பற்றியே ‘குவிட்’ என்ற நூலை எழுதினார். அடுத்த ஆண்டு, 2023இல், அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். விலகி முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. லைலா கிளைட்மன் 2021 ஆகஸ்டில் மறைந்தார். பட்டத்தைப் பார்க்க அவர் இல்லை.

இதே பெண் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவுசெய்திருந்தால்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வுக்கு அதிகபட்சம் 6 ஆண்டுகள் தருகின்றன. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் இன்னும் 2. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக ஆய்வுக்காலம் முழுவதற்கும் 240 நாள் வரை உண்டு. இவை முன்பு இருந்ததைவிட மேலானவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஐந்தாம் ஆண்டில் நோயுற்று விழுபவருக்கு, ஆய்வுக் கடிகாரத்தை நிறுத்திவைத்து, உடல் தேறியபின் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் உரிமையை அவ்விதிகள் வெளிப்படையாக வழங்கவில்லை. கூடுதல் ஆண்டுகள் சலுகையாக வருகின்றன. சலுகைக்கு நெறியாளரின் கையொப்பமும் துறைத்தலைவரின் மனநிலையும் வேண்டும். உதவித்தொகையோ ஐந்தாண்டோடு முடிகிறது. ஆறாம் ஆண்டில் மருத்துவச் சான்றிதழோடு அலுவலக வாசலில் நிற்பவருக்கு நிலவறைச் சீட்டு மேசையும் இல்லை, 2,400 டாலர் அனுப்பும் அண்ணனும் இல்லை. பயிற்சி மையத்தில் மாலை வகுப்பு எடுக்கிறார், அல்லது ஊருக்குத் திரும்புகிறார்.

நோய்க்காலத்தை ஆய்வுக்காலத்திலிருந்து கழித்துக் கணக்கிடுவதும், உதவித்தொகையின் எஞ்சிய மாதங்களை மாணவர் திரும்பிவரும் வரை காத்து வைப்பதும், ஏற்கெனவே முடித்த பாடநெறியையும் வெளியிட்ட கட்டுரைகளையும் காலாவதியாகாத தகுதிகளாக ஏற்பதும் பெரும் செலவு கோரும் சீர்திருத்தங்கள் அல்ல. ஆனி டியூக்கின் பெயரைச் சொல்லித் துணிவைப் போதிக்கும் துறைத்தலைவர்கள், அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் இம்மூன்றில் ஒன்றையேனும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கலாம்.